நீங்கள் கண்டக்குழிக் கட்சி

அன்புள்ள லூசியா மச்சாளுக்கு,

உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. நீங்கள் உயிரோடு இருந்தபோது ஒரு நாளும் எழுதியதில்லை. பக்கத்து வளவில் இருப்பவருக்கு எதற்குக் கடிதம்? வேலிக்கு இந்தப் பக்கம் நின்று ஒரு குரல் கொடுத்தால் அந்தப் பக்கத்திலிருந்து உங்கள் குரல் வந்துவிடும். இப்போது கூப்பிட்டால் வருவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

துக்கத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். கோபத்தில் எழுதுகிறேன். உங்கள் பெயரில் ஒரு வெள்ளிக் கிண்ணம் செய்திருக்கிறார்கள், மச்சாள். அதற்காக யார் யார் ஆடினார்கள் தெரியுமா? நீலக்காரரும் சிவப்புக்காரரும். உங்கள் வாயால் காலமெல்லாம் ஏச்சு வாங்கிய அதே இரண்டு கழகங்களும்தான். இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்? நாலு பேர் காதில் விழுந்தாலும் எனக்குக் கவலையில்லை. விழட்டும் என்றுதான் உரத்துச் சொல்கிறேன்.

அந்த நாலு பேருக்கு உங்களைத் தெரியாமல் இருக்கலாம். அவர்களுக்காக ஒரு வார்த்தை. லூசியா என் புருஷனுடைய அக்கா. கண்டக்குழிக் கரையில் கருவாடு போட்டு விற்றவர். புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவர். பிள்ளைகள் இல்லை. கண்டக்குழியின் உதைபந்தாட்ட அணி எங்கே ஆடினாலும் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்றவர். மழையானாலும் நின்றவர், தோற்றாலும் நின்றவர். அவ்வளவுதான். அதற்கு மேல் அவரைப் பற்றி யார் என்ன சொன்னாலும் பொய்.

என்னை இந்த விளையாட்டுக்கு இழுத்தது நீங்கள். முந்தலில் பிறந்து, இங்கே மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்க வந்து, உங்கள் தம்பி பிலிப்பைக் கட்டியவள் நான். பந்து வட்டமானது என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. கலியாணம் முடிந்த அடுத்த ஞாயிறே வாசலில் வந்து நின்றீர்கள்.

"புள்ள, உடுத்துக்கொண்டு வா. பந்தடி இருக்கு."

"நான் என்னத்துக்கு மச்சாள்? எனக்கு ஒண்டும் விளங்காதே."

"விளங்கத் தேவையில்ல. நிக்க ஆள் வேணும்."

அன்றைக்கு நம் ஊர் விளையாட்டு வெளியில் நம் அணியைப் பார்க்க நின்றவர்களை ஒரு தோணியில் ஏற்றிவிடலாம். ஊர் முழுக்க எங்கே என்று கேட்டேன். புத்தளத்துக்குப் போயிருக்கிறது என்றீர்கள். நீலமும் சிவப்பும் மோதுகிற நாளாம். கண்டக்குழியில் பிறந்து, கண்டக்குழித் தண்ணீரைக் குடித்து வளர்ந்த சனம், தங்கள் பெயர்கூடத் தெரியாத இரண்டு கழகங்களுக்காகக் தோணியில் களப்பைத் தாண்டிப் போய்த் தொண்டை கிழியக் கத்துகிறது. சொந்த மருமகனும் மச்சானும் ஆடுகிற ஆட்டத்துக்கு ஆளில்லை. அதை எனக்கு விளங்கப்படுத்த உங்களாலும் முடியவில்லை. காறித் துப்பிவிட்டு மைதானத்தைப் பார்த்தீர்கள்.

நீலத்துக்குப் பின்னால் உப்பு முதலாளிகள். சிவப்புக்குப் பின்னால் தென்னந்தோட்டக்காரர். கற்பிட்டியிலிருந்து சிலாபம் போகும் வழி நெடுக, நீ எந்தக் கட்சி என்று கேட்காமல் தேநீர்க் கடையில் தேத்தண்ணி ஊற்றமாட்டார்கள் என்கிற அளவுக்கு அந்தப் பைத்தியம் முற்றியிருந்தது. நம் வீட்டிலேயே உங்கள் தம்பி நீலம். அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு நீலத் துணித்துண்டு இருக்கும். ஒருநாள் நீங்கள் அதைப் பிடுங்கி, அதால் பிடித்து அடுப்பிலிருந்து சட்டியை இறக்கினீர்கள். அவர் உறுமினார்.

"அக்கா, கண்டக்குழி டீம் எங்க போகப்போகுது? அது எப்பவும் இஞ்சதானே இருக்கும்."

"இருக்கக்குள்ள வந்து பாரெண்டுதான் சொல்றன். செத்த பிறகு வந்து மெழுகுதிரி கொளுத்துவியா?"

நம் அணி எப்படிப்பட்டது என்றும் சொல்லிவிடுகிறேன். காற்று சரியில்லாமல் கடலுக்குப் போக முடியாத நாட்களில் பழகும் மீன்பிடிகாரர். பந்து, உலகச் சண்டைக் காலத்தில் இங்கே முகாம் போட்டிருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் போகும்போது விட்டுச் சென்றது. சட்டை, பழைய தோணிப் பாய்த்துணியில் தைத்தது. வலைக்குப் போடும் மரப்பட்டைச் சாயத்தில் நீங்களே தோய்த்துக் கொடுத்தீர்கள். மழை பெய்தால் சாயம் இறங்கி எல்லோருடைய தொடையும் செம்மண் நிறமாகும். எதிரணிக்காரர் சிரிப்பார்கள். அணித் தலைவன் சூசை வெட்கப்படுவான். "சிரிக்கிறவனைப் பாத்து நீயும் சிரிச்சிட்டு கோலைப் போடு" என்பீர்கள். அவன் போடமாட்டான். "சூசை, அது காலா, துடுப்பா?" என்று உங்கள் குரல் கம்பத்துக்குப் பின்னாலிருந்து வரும். நம் ஆட்களை ஏச உங்களுக்கு மட்டும்தான் உரிமை இருந்தது. வேறு யாராவது ஏசினால் கருவாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு அவர்கள் முகத்துக்கு நேரே போவீர்கள்.

யாராவது ஒருவன் நன்றாக ஆடத் தொடங்கினால் அடுத்த வருடம் அவன் நீலத்திலோ சிவப்பிலோ இருப்பான். அவர்கள் வந்து கூட்டிக்கொண்டு போவார்கள். மிச்சமிருப்பவர்களை வைத்து நாம் மறுபடியும் தொடங்குவோம். அப்படித் தொடங்கித் தொடங்கித்தான், சண்டை முடிந்து போட்டிகள் திரும்பவும் வந்த வருடத்தில், புத்தளம் மைதானத்தில் நீலத்தோடு ஆடும் அளவுக்கு வந்தோம்.

அந்த நாளை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். அதைப் பலர் பலவிதமாகச் சொல்லிவிட்டார்கள், மச்சாள். இது நான் கண்டது.

மைதானத்துக்குள் நாம் நுழைந்தபோது சிவப்புக்காரர் கூட்டம் எழும்பி நின்று "கண்டக்குழி, கண்டக்குழி" என்று கத்தியது. எனக்கு மேல் புல்லரித்துப் போனது. இவ்வளவு பேர் நம் ஊர்ப் பெயரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. உங்கள் கையைப் பிடித்து, "பாருங்க மச்சாள்" என்றேன். நீங்கள் சிரிக்கவில்லை.

"அவனுகள் நமக்காகக் கத்தல்ல புள்ள. நீலம் தோக்கோணும் எண்டு கத்துறானுகள். அது வேற, இது வேற."

நீலம் முதலில் கோல் போட்டது. பிறகு சூசை தலையால் முட்டிச் சமப்படுத்தினான். உங்களுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே அவனை ஏசினீர்கள், இவ்வளவு நேரம் எங்கேயடா இருந்தாய் என்று. முடியப் போகும் நேரத்தில் நம் பெடியன் செபஸ்தி அடித்த பந்து உள்ளே போனது. நாம் இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். மத்தியஸ்தர் விசில் ஊதிக் கையை அசைத்தார். கோல் இல்லை, பந்து வருமுன்பே செபஸ்தி முன்னுக்குப் போய் நின்றுவிட்டான் என்றார். அது கோலா இல்லையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நீங்கள் கோல் என்றீர்கள். எனக்கு அது போதும்.

சிவப்புக்காரர் கயிற்றைத் தாண்டி உள்ளே பாய்ந்தார்கள். நமக்கு நியாயம் கேட்கவா? செபஸ்தியைத் தள்ளி விழுத்திவிட்டு அவன் மேலால் ஓடினார்கள், நீலக்காரரை அடிக்க. கதிரைகள் பறந்தன. சூசை நம் ஆட்களைத் திரட்டி, "டீச்சர், லூசியாக்கா, நேரே தோணிக்கு நடங்க" என்றான். நடந்தோம். துறைக்கு வந்தோம். நீங்கள் தோணியில் ஏறி, கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தும்விட்டீர்கள்.

ஏன் இறங்கினீர்கள்?

ஆயிரம் தடவை கேட்டுவிட்டேன். ஒரு நீலச்சட்டைக்காரன் துறையில் ஓடி வந்து விழுந்தான். பின்னால் வந்த சிவப்புக்காரர் அவனை மிதித்தார்கள். அவனை உங்களுக்குத் தெரியாது. அன்று முழுக்க அவனுடைய கட்சியை வாய்க்கு வந்தபடி ஏசியவர் நீங்கள். சூசை "அக்கா, வேணாம்" என்றான். நானும் சேலையைப் பிடித்தேன். "விடு புள்ள, அவன்ட உசிரு போகுது" என்று உதறிக்கொண்டு போனீர்கள். அவன் மேல் குனிந்து நின்று இரண்டு கையையும் விரித்தீர்கள். அதற்குள் மறுபக்கத்திலிருந்து நீலக்காரர் கூட்டமாக ஓடி வந்தார்கள். இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் நீங்கள். பிறகு உங்களைக் காணவில்லை. கூட்டம் விலகியபோது துறையின் கல்விளிம்பில் தலை அடிபட்டுக் கிடந்தீர்கள். அந்த நீலச்சட்டைக்காரன் எழும்பி ஓடிவிட்டிருந்தான்.

ஆசுபத்திரிக் கட்டிலில் ஒரே ஒரு தடவை கண் திறந்தீர்கள். "எத்தினைக்கு எத்தினை?" என்றீர்கள். "ஒண்டுக்கு ஒண்டு, மச்சாள்" என்றேன். "இல்ல புள்ள. ரெண்டுக்கு ஒண்டு" என்றீர்கள். பொழுது சாயுமுன் போய்விட்டீர்கள்.

இனிமேல்தான் உங்களுக்குத் தெரியாதவை வருகின்றன.

மரண விசாரணையில் நீலத்தின் சாட்சிக்காரர் வந்து சிவப்புத் தள்ளியது என்றார். சிவப்பின் சாட்சிக்காரர் வந்து நீலம் தள்ளியது என்றார். ஒருவராவது, "நான் அந்த நெரிசலில் இருந்தேன், என் தோள்தான் பட்டதோ தெரியாது" என்று சொல்லவில்லை. அவ்வளவு பெரிய கூட்டத்தில் ஒரு மனிதன் இல்லை, மச்சாள். கடைசியில் நெரிசலில் நேர்ந்த விபத்து என்று முடித்தார்கள். அந்த ஆட்டத்தை நீலம் வென்றதாக அறிவித்தார்கள். குழப்பம் செய்தது கண்டக்குழியின் ஆதரவாளராம். கண்டக்குழியின் ஆதரவாளர் அன்று அங்கே நீங்களும் நானும் ஒரு சிலரும்தான்.

அடக்கத்துக்கு இரண்டு கழகமும் வந்தன. நீலப் பூ வைத்து ஒரு மலர்வளையம், சிவப்புப் பூ வைத்து ஒன்று. எங்கள் ஆளைக் காப்பாற்றி உயிர் விட்டவர், ஆகவே எங்களுடையவர் என்றது நீலம். அன்று முழுக்க எங்களோடு நின்று குரல் கொடுத்தவர், ஆகவே எங்களுடையவர் என்றது சிவப்பு. பெட்டியை யார் தூக்குவது என்று நம் வாசலிலேயே முறைத்துக்கொண்டு நின்றார்கள். சுவாமியார் பயந்துபோய், இரண்டு வளையத்தையும் ஏற்றுக்கொள்ளுங்கள், சமாதானம் பெரிது என்றார். உங்கள் தம்பி தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் வாயைத் திறக்குமுன் சூசை உள்ளே வந்தான். பின்னால் நம் பெடியன்கள் எல்லோரும். பாய்ச்சட்டை போட்டிருந்தார்கள். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார்கள். அன்று தூறல் இருந்தது. பெட்டியின் வெள்ளைத் துணியில் அந்தச் சாயம் இறங்கியது. சுவாமியார் முகம் சுளித்தார். நான் துடைக்க விடவில்லை.

அதோடு விட்டிருந்தால் நான் அழுது தீர்த்திருப்பேன். விடவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்த கையோடு இரண்டு கழகத்தின் செயலாளர்களும் ஒன்றாக வீட்டுக்கு வந்தார்கள். ஒரே காரில் வந்து இறங்கினார்கள். அதைப் பார்க்கவே ஊர் கூடியது. உங்கள் பெயரில் ஒரு ஞாபகார்த்தக் கிண்ணம், நீலமும் சிவப்பும் ஆடும் சமாதான ஆட்டம், ஒரு வெள்ளைக்காரத் துரை தலைமை, குடும்பத்தாருக்கு முன்வரிசையில் கதிரை. எல்லாம் தீர்மானித்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். நான் ஒன்றுதான் கேட்டேன்.

"கண்டக்குழி எப்ப ஆடும்?"

நீலத்தின் செயலாளர் சிரித்தார். கெட்ட சிரிப்புக்கூட இல்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார். "டீச்சரம்மா, சனம் வரணுமே."

சிவப்பின் செயலாளர் தலையாட்டினார். அவர்கள் இருவரும் மனமார ஒத்துப்போன விஷயம் அதுதான்.

அவர்கள் போன பிறகு உங்கள் தம்பியோடு சண்டை பிடித்தேன். அவர் கத்தவில்லை. "திரேசா, அக்கா என்னத்துக்குச் செத்தா? அடிபட்டவனுகளை விலக்கத்தானே. இப்ப அவனுகளே அடிபடாம இருக்கிறம் எண்டு வந்து நிக்கிறானுகள். அதை நான் எப்பிடி வேணாம் எண்டு சொல்ல?" என்றார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. பாதி உண்மையோடு சண்டை பிடிப்பதுபோலக் கஷ்டமான காரியம் வேறு இல்லை. நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? எவ்வளவோ யோசித்துப் பார்த்தேன். எனக்கு உங்கள் குரல் வரவில்லை.

போனேன். அந்தச் சமாதான ஆட்டத்துக்குத்தான். கறுப்புச் சேலை உடுத்து, உங்கள் தம்பியோடு களப்பைத் தாண்டி, நீங்கள் விழுந்த அதே துறையில் இறங்கிப் போனேன். கல்லைக் கழுவியிருந்தார்கள். மைதானம் நிறைந்து வழிந்தது. நம் சூசையும் பெடியன்களும் கயிற்றுக்கு வெளியே, வெயிலில், கடைசியில் நின்றார்கள். எங்களுக்கு முன்வரிசையில் கதிரை. மேடையில் வெள்ளிக் கிண்ணம். அதற்குப் பக்கத்தில் ஒரு பெரிய படம், சட்டம் போட்டு, பாதி நீலப் பூவும் பாதி சிவப்புப் பூவும் கட்டிய மாலையோடு.

யாருடைய படம் என்று எனக்கு விளங்கவில்லை. வெள்ளைத் தோல். சின்ன வாய். கழுத்தில் அட்டியல். தலையில் முக்காடு, மாதா சுரூபத்தில் இருப்பதுபோல. கீழே உங்கள் பெயர் எழுதியிருந்தது. உங்களைக் கண்ணாலேயே காணாத ஓர் ஓவியனைக் கொண்டு வரைவித்திருக்கிறார்கள். வெயிலில் கறுத்து, வெற்றிலைக் காவி ஏறிய பல்லோடு, ஊர் கேட்கச் சிரித்த உங்களுக்கு அவர்கள் ஒரு சின்ன வாயைப் போட்டிருந்தார்கள்.

நீலத்தின் தலைவர் பேசினார். தங்கள் வீரனைக் காத்த தாய் என்றார். சிவப்பின் தலைவர் பேசினார். தங்களோடு தோள் கொடுத்து நின்ற தாய் என்றார். பிள்ளையில்லாத உங்களை மைதானத்தில் வைத்து இரண்டு பேர் பங்கு போட்டார்கள். கண்டக்குழி என்ற சொல்லை இரண்டு பேரும் சொல்லவில்லை. நான் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு தடவையும் சொல்லவில்லை. பிறகு, கிண்ணத்தின் மேலிருந்த பட்டுத் துணியை எடுக்க என்னைக் கூப்பிட்டார்கள்.

மேடையில் ஏறினேன். துணியை எடுக்கவில்லை. நீலத்தின் தலைவரையும் சிவப்பின் தலைவரையும் மாறி மாறிப் பார்த்து, வகுப்பில் கதைக்கிற குரலில்தான் கதைத்தேன். அது போதும், கடைசி வாங்கில் இருப்பவனுக்கும் கேட்கும்.

"லூசியா உங்கட ஆள் இல்ல. உங்கட ஆளும் இல்ல. அவ கண்டக்குழிக் கட்சி. அவவைச் சாகடிச்சது நீங்க ரெண்டு பேரும். அவட பேரை இந்தக் கிண்ணத்தில இருந்து எடுங்க."

துரை பக்கத்திலிருந்த மொழிபெயர்ப்பாளரிடம் குனிந்து, இந்த அம்மா என்ன சொல்கிறார் என்று கேட்டார். அவர் இங்கிலீசில் சொன்னார், எல்லோருக்கும் நன்றி சொல்கிறார் என்று. அவ்வளவு இங்கிலீசு எனக்குத் தெரியும், மச்சாள். துரை எழும்பி நின்று கை தட்டினார். அவர் தட்டியதால் முன்வரிசை முழுவதும் தட்டியது. நான் சொன்னதைக் கேட்ட சனம் பின்னாலிருந்து கூச்சல் போட்டது. அந்தக் கைதட்டல் என்னைச் செருப்பால் அடித்ததுபோல இருந்தது.

அப்போதுதான் உங்கள் தம்பி எழும்பினார். அவசரப்படாமல் மேடையில் ஏறினார். என்னைக் கீழே கூட்டிக்கொண்டு போகத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அந்தப் படத்துக்கு முன்னால் போய் நின்றார். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"இது எங்கட அக்கா இல்ல" என்றார்.

யாருக்கும் சொல்லவில்லை. தனக்குத்தானே சொன்னார். பிறகு மாலையைக் கழற்றிக் கிண்ணத்தின் பக்கத்தில் வைத்துவிட்டு, படத்தைச் சட்டத்தோடு தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். ஒரு செயலாளர் ஓடி வந்து அவர் கையைப் பிடித்தார். "கைய எடுங்க ஐயா" என்றார் உங்கள் தம்பி. செயலாளர் எடுத்துவிட்டார். நாங்கள் இறங்கி, கயிற்றைத் தாண்டி, சூசை நின்ற பக்கம் போனோம். எல்லோருமாகத் துறைக்கு நடந்தோம்.

எல்லோரும் என்றால் அணியும் நாங்களும் இன்னும் கொஞ்சப் பேரும். உங்களுக்குப் பொய் சொல்லமாட்டேன். நம் ஊர்ச் சனத்தில் பாதிக்கு மேல் மைதானத்திலேயே இருந்து ஆட்டத்தை முடியும் வரை பார்த்துவிட்டுத்தான் வந்தது. நீலம் வென்றதாம். நல்ல ஆட்டமாம். மறுநாள் காலையில் கரையில் வலை இழுத்தபடி என் காது கேட்கவே அதைப் பற்றிக் கதைத்தார்கள்.

களப்பின் நடுவில் உங்கள் தம்பி அந்தப் படத்தைத் தண்ணீரில் போட்டார். சட்டம் மிதந்தது. சூசை துடுப்பால் ஒரு அழுத்து அழுத்தினான்.

அதன் பலன் இதுதான்: ஒழுங்கீனம் என்று சொல்லி இந்த வருடப் போட்டியிலிருந்து கண்டக்குழியைத் தள்ளிவிட்டார்கள். சுவாமியார் என்னைக் கூப்பிட்டு, ஒரு பெண்பிள்ளை சபையில் அப்படிக் கதைப்பதா என்று கேட்டார். ஊரில் சிலர் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறார்கள். நம் பெடியன்களின் பந்தடியில் மண் போட்டுவிட்டேனாம். சொன்னவர்கள் யார் தெரியுமா? நம் பெடியன்கள் ஆடியதை ஒரு நாளும் வந்து பாராதவர்கள். அணி தள்ளுபடியான பிறகுதான் அவர்களுக்கு அணி ஒன்று இருந்தது ஞாபகம் வந்தது.

சூசைக்கு முன்னால் மட்டும் எனக்கு வாய் எழவில்லை. அவன் ஆடுவதற்கு இனி எங்கே போவான்? ஒருநாள் பள்ளிக்கூட வாசலுக்கு வந்தான். ஏசத்தான் வருகிறான் என்று நினைத்தேன். பின்னால் இன்னொரு ஆள், தலையில் தொப்பி, நடுத்தர வயது.

"டீச்சர், இவர் களப்புக்கு அங்கால கரைத்தீவில இருந்து வந்திருக்கார். காசிம் காக்கா."

அவர்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள்; அந்தக் காசிம் காக்கா நான் உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னார். "அண்டைக்கு நானும் அங்கதான் நிண்டன் தங்கச்சி. நீங்க சொன்னது எனக்கு நல்லாக் கேட்டிச்சி. மௌத்தான மனிசிய வெச்சி யாவாரம் பண்ணப்படாது. எங்கட ஊர் டீமையும் அவங்க சேக்கிறல்ல, சின்ன ஊராம். அவங்க சேக்காட்டி நாம பந்து அடிக்கேலாதா? ஞாயிற்றுக்கிழமை எங்கட ஆக்களக் கூட்டிட்டு வாறன். உங்கட வெளி சும்மாதானே கிடக்கு."

வந்தார்கள், மச்சாள். இரண்டு தோணியில் களப்பைத் தாண்டி, மணலில் நடந்து வந்தார்கள். கண்டக்குழியும் கரைத்தீவும் நம் வெளியில் ஆடின. கிண்ணம் இல்லை, துரை இல்லை, கதிரை இல்லை. மத்தியஸ்தராக முந்தலிலிருந்து என் அண்ணன் வந்தார். பார்க்க வந்த சனத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் முன்பைவிடக் கூட. சிலர் தூரத்தில், வேலியைப் பிடித்துக்கொண்டு, தற்செயலாக அந்தப் பக்கம் வந்தவர்கள்போல நின்றார்கள். உங்கள் தம்பி நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் நின்றார். அவர் சட்டைப் பையில் ஒன்றும் இல்லை. நான் பார்த்தேன்.

கோல் கம்பத்துக்குப் பின்னால் நான் தனியாகத்தான் நின்றேன். அந்த இடம் அவ்வளவு அகலமானது என்று எனக்கு அதுவரை தெரியாது. சூசை ஒரு நல்ல பந்தை வானத்துக்கு அடித்தான். என் வாயிலிருந்து ஒரு ஏச்சு வந்தது. பள்ளிக்கூடத்து டீச்சர் வாயிலிருந்து வரக்கூடாத ஏச்சு. சூசை நின்று திரும்பிப் பார்த்தான். பிறகு சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துவிட்டு ஓடினான்.

தோற்றோம். ஒன்றுக்கு இரண்டு. கரைத்தீவுக்காரர் நம் வீட்டில் பாணும் மீன்குழம்பும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அடுத்த தடவை நாம் அங்கே போகவேண்டும். முந்தலிலும் ஓர் அணி கட்டலாம் என்று என் அண்ணன் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, எல்லாம் நல்லதற்குத்தான் என்று நான் சொல்லப்போகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். நல்லதற்கு இல்லை. ஒரு நல்ல ஆட்டம் நடக்க உங்கள் தலை கல்லில் அடிபடத் தேவையில்லை. நீலக்காரரும் சிவப்புக்காரரும் இன்றைக்கும் அதே மைதானத்தில் அதே கூச்சலோடு இருக்கிறார்கள். சமாதானம் கிண்ணத்தோடு முடிந்துவிட்டது, போன மாதம் மறுபடியும் தங்களுக்குள் அடிபட்டார்கள். நீங்கள் காப்பாற்றிய அந்த மனிதன் இதுவரை நம் வாசலுக்கு வரவில்லை. அவன் பெயரும் எனக்குத் தெரியாது. என் கோபம் ஆறவில்லை. அதை ஆற்றித் தரும்படி நான் கோயிலில் மன்றாடவும் இல்லை.

அந்தக் கிண்ணத்தை ஒவ்வொரு வருடமும் வைக்கப்போகிறார்களாம். உங்கள் பெயரை எடுக்க மறுத்துவிட்டார்கள். வைக்கட்டும். உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன், மச்சாள். அவர்கள் அதை வெளியே எடுக்கிற ஒவ்வொரு வருடமும் நான் களப்பைத் தாண்டிப் போவேன். உள்ளே விட்டால் உள்ளே, விடாவிட்டால் வாசலில் நிற்பேன். வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்வேன்: லூசியா கண்டக்குழிக்காரி, கண்டக்குழியைப் பார்க்க வந்தவர், உங்கள் இரண்டு கட்சியையும் அவருக்குக் கண்ணில் காட்டக்கூடாது. கேட்கிறவர் கேட்கட்டும், சிரிக்கிறவர் சிரிக்கட்டும். நான் போக முடியாத வருடத்தில் உங்கள் தம்பி போவார். கேட்டுவிட்டேன். ஓம் என்றார்.

உங்கள் தம்பி பெண்சாதி,
என்றைக்கும் உங்கள் மச்சாள்,
திரேசா